விளக்கீட்டன்று நீ சொன்ன பதில்கள்

ராசா,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியை வைத்த பிறகு, அடுப்பில் இருந்த பாலைப் பொங்கவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை மணம் பிடித்து ஓடி வந்து, "என்ன மாமி, சுகமில்லையோ?" என்று கேட்டாள். சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. நீ சிரித்துக்கொண்டு சொன்ன ஒரு வசனம்தான் காதில் ஏறி இறங்க மாட்டேன் என்று நின்றது. டிசம்பர் நத்தார் லீவில் மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வெளிச்சச் சோடனை பார்க்கப் போகிறாய் என்றாய். "நீங்கள் எனக்கு விளக்கீட்டிலை செய்த மாதிரி, எல்லாப் பாடத்திலையும் கேள்வி கேக்கப்போறன் அம்மா" என்றாய். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அந்த நேரம் பார்த்து என் பேத்தி பக்கத்தில் இருந்து, "பிழையாச் சொன்னா என்ன செய்வீங்கள் அப்பா?" என்று கேட்டாள். நீ உடனே, "அப்பா ஒரு கேள்விக்குப் பிழையாச் சொன்னனான். அதுதான் அப்பாவைக் கொழும்புக்கு அனுப்பிப்போட்டினம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். பிறகு அங்கே பனி கொட்டுகிற கதை கதைத்துவிட்டு வைத்துவிட்டாய்.

பகிடி என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். ஆனால் ஒன்றுமில்லாத இடத்தில் இருந்து பகிடி வராது. இத்தனை வருசமும் அதை நெஞ்சுக்குள் வைத்திருந்திருக்கிறாய், எனக்குத் தெரியாமல் போயிற்று. பெற்றவளுக்குத் தெரியவில்லை என்றால் பிறகு யாருக்குத் தெரியும்? உடனே திருப்பி எடுத்துக் கதைக்கலாம்தான். நான் கதைக்கத் தொடங்கினால் அழுவேன், நீ "விடுங்கோ அம்மா, பழைய கதை" என்று வெட்டிவிடுவாய். கடிதத்தை யாரும் இடையில் வெட்ட முடியாது. ஆகவே பொறுமையாக இருந்து வாசி. கண்ணில் வெள்ளை படர்ந்திருப்பதால் எழுத்துக் கொஞ்சம் கோணல்மாணலாக வரும், அதையும் பொறுத்துக்கொள்.

அந்த நாட்களில் நீர்வேலியில் நாங்கள் எப்படி இருந்தோம் என்பது உனக்குப் பாதி ஞாபகம் இருக்கும், பாதி இருக்காது. தொண்ணூறாம் ஆண்டு கரண்ட் போனது. எங்கள் வீட்டுக்கு அது வந்து அதிக காலம் ஆகவில்லை. இரண்டு பல்ப்புக்கும் ஒரு றேடியோவுக்கும் ஆசைப்பட்டு உன் அப்பா எத்தனை தரம் மின்சார சபைக் கந்தோருக்கு அலைந்தார். வந்த வேகத்தில் போயிற்று. பிறகு ஜாம் போத்தல் விளக்குத்தான். போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அதை நனைக்க மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரி போட்டு எரிப்போம். உன் பள்ளிக்கூடத்தில் தெல்லிப்பழைப் பக்கத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்த சனம் வகுப்புக்கு மூன்று குடும்பமாக இருந்தது. முதலில் மரத்தடியில் படிப்பித்தார்கள். மாரி தொடங்கியதும் அதுவும் நின்றுவிட்டது.

நானோ எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் வாய் சும்மா இருக்காதே. "பள்ளிக்கூடம் இல்லாட்டில் என்ன, நான் படிப்பிக்கிறன்" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, ஐந்தாம் வகுப்புக் கணக்கு நான் படித்த காலத்துக் கணக்கு இல்லை என்று. நீ மத்தியானம் தோட்டத்தில் திரிகிற நேரம் பார்த்து உன் புத்தகத்தை எடுத்து அடுத்த பாடத்தைப் படித்து வைப்பேன். எல்லாம் பிறப்பிலேயே தெரிந்த மாதிரிப் பின்னேரம் சொல்லித் தருவேன். ஒரு நாள் பின்னம் பெருக்கும்போது தடுமாறிவிட்டேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அம்மா, அந்தப் பக்கம் இன்னும் பாக்கேல்லை போல" என்றாய். கள்ளன்! உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் அகப்பைக் காம்போடு உன்னைக் கலைத்தேன், நீ வாழைக்குள் ஓடி ஒளித்தாய்.

அப்படி இருக்கும்போதுதான் உன் மாமா, என் அண்ணை, கொழும்பில் இருந்து வந்தார். கிளாலிக் கடலை வள்ளத்தில் தாண்டி, நனைந்து, ஒரு பையும் கையுமாக வாசலில் வந்து நின்றார். என்னைக் கண்டு இரண்டு வருசத்துக்கு மேல். வந்த அண்ணை, ஒரு தேத்தண்ணீர் குடித்து முடிக்க முதலே விசயத்துக்கு வந்துவிட்டார். "பிள்ளை, பெடியனை என்னோடை விடு. இஞ்சை பள்ளிக்கூடமும் இல்லை, ஒண்டும் இல்லை. நான் அங்கை நல்ல பள்ளிக்கூடத்திலை சேர்த்துவிடுறன்." எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியாது. "ஏன் அண்ணை, என்ரை பிள்ளை இஞ்சை என்ன மாடு மேய்க்குதே? அவன் படிக்கிற வடிவைப் பாத்திட்டுக் கதையுங்கோ" என்றேன். மாமா சிரித்தார். "காகத்துக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு" என்றார். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கிளப்பியது. அடுத்த நாள் கார்த்திகை விளக்கீடு. புத்தகத்தை வைத்துச் சோதித்தால் நீ பாடமாக்கியதாகச் சொல்லுவார். தெருவில் வைத்துக் காட்டுகிறேன் பார் என்று மனதுக்குள் சபதம் எடுத்தேன். உன்னை என்னோடு வைத்திருக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நீ பதில் சொன்னால் மாமா வாயை மூடிக்கொண்டு தனியாகப் போவார் என்று முழுதாக நம்பினேன்.

உனக்கு இதை நான் சொல்லவில்லை. அங்கேதான் பிழை தொடங்கியது. மாமா கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்பதைக் கதவுக்குப் பின்னால் நின்று நீயே கேட்டிருக்கிறாய். அதனால்தான் அன்று காலையில் இருந்து முகம் கழுவி, தலை இழுத்து, சோதனைக்குப் போகிற பிள்ளை மாதிரி இருந்தாய். நானோ, பிள்ளைக்கு விளக்கீட்டுச் சந்தோசம் என்று நினைத்தேன்.

பின்னேரம் வாசல் படலைக்கு, விளக்கு வைக்க வாழைக்குற்றி நட வேண்டும். மாமா கத்தியை வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குள் போனார், ஒரே வெட்டில் நல்ல கொழுத்த மரம் ஒன்றைச் சாய்த்தார். உன் அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! மச்சானைக் கோபிக்க ஏலாமல் சாய்ந்த மரத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். நீதான் மெதுவாகச் சொன்னாய்: "மாமா, குலை வெட்டின மரத்தைத்தான் தறிக்கிறது. இது இனித்தான் குலை தள்ளும்." மாமா தலையில் அடித்துக்கொண்டு, "கொழும்புத் தண்ணி குடிச்சு எல்லாம் மறந்துபோச்சடா" என்றார். எனக்கோ உள்ளுக்குள் புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. தொடங்க முதலே மகன் ஒரு புள்ளி வாங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

மழை விட்டிருந்தது. பொழுது படுகிற நேரம் நாங்கள் நாலு பேரும் கோயிலுக்குச் சொக்கப்பனை பார்க்க நடந்தோம். அந்த ஒழுங்கையை உனக்கு ஞாபகம் இருக்கும், இரண்டு பக்கமும் வாழை, நடுவில் செம்மண் சேறு. ஒவ்வொரு படலையிலும் வாழைக்குற்றி, அதன் மேல் தேங்காய்ப் பாதியில் எண்ணெய் விட்டு எரித்திருந்தார்கள். கிணற்றடியில் ஒரு பந்தம், மாட்டுக் கொட்டிலில் ஒரு பந்தம், குப்பை மேட்டுக்கும் ஒன்று. எண்ணெய் கிடைக்காத காலத்திலும் ஒருவரும் குறை வைக்கவில்லை, தேங்காய் எண்ணெய், இலுப்பெண்ணெய், வேப்பெண்ணெய் என்று இருந்ததை விட்டு எரித்தார்கள். கரண்ட் இருந்த காலத்தில் விளக்கீடு இவ்வளவு வடிவாக இருந்ததில்லை. அண்ணைகூட ஒரு இடத்தில் நின்று, "அட, ஊர் இருக்குதடி" என்றார்.

நான் என் சோதனையைத் தொடங்கினேன். இந்த வீட்டில் இத்தனை பந்தம், ஒழுங்கையில் இத்தனை வீடு, எல்லாமாக எத்தனை? நீ நடந்துகொண்டே சொன்னாய், அதோடு நிற்காமல், "கடைசி ரெண்டு வீட்டிலையும் மாடு இல்லை அம்மா, அப்ப ரெண்டு குறையும்" என்றாய். எண்ணெய் கீழே இருக்கிறது, நெருப்பு மேலே இருக்கிறது, எப்படி ஏறுகிறது? திரியில் நூலுக்கும் நூலுக்கும் இடையில் உள்ள சின்ன இடைவெளியால் என்றாய். சிரட்டையால் மூடினால் ஏன் அணைகிறது என்று மாமா கேட்டார். "ஒட்சிசன் முடிஞ்சிடும்" என்றாய். கோயிலுக்குப் போகிற வழி எந்தத் திசை என்று கேட்டதற்கு, எழுந்து வருகிற நிலவைக் கையால் காட்டி, "அது கிழக்கு, அப்ப நாங்கள் தெற்காலை போறம்" என்றாய். நிலவுக்குப் பக்கத்தில் கூட்டமாக மங்கித் தெரிந்த கார்த்திகை நட்சத்திரத்தையும் காட்டி, ஆறுமுகனுக்குப் பால் கொடுத்த கதையையும் சொல்லி முடித்தாய். கணக்கு, விஞ்ஞானம், சமூகக்கல்வி, சமயம் எல்லாம் அந்தச் சேற்றிலேயே முடிந்தது. தமிழையும் விடாமல், நெருப்புக்கு எத்தனை பெயர் சொல்வாய் என்று நான் கேட்க, தீ, தழல், கனல் என்று நீ அடுக்கினாய். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். உள்ளுக்குள் கூத்தாடினேன் ராசா, சொல்ல வெட்கமில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. எனக்கு ஆசை அடங்கவில்லை. "சரி, இப்ப கண்ணுக்குத் தெரியிற வெளிச்சம் எல்லாத்தையும் வகைப்படுத்து பாப்பம். இயற்கை எது, மனிசர் செய்தது எது?" என்றேன். நீ ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாய். நிலவு, நட்சத்திரம், மின்மினி ஒரு பக்கம். பந்தம், மண் சிட்டி விளக்கு மறுபக்கம். அந்த நேரம் வடக்கே, பலாலி ஆமி முகாம் பக்கத்தில், வெளிச்சக்குண்டு ஒன்று எழும்பி வானத்தில் தொங்கியது. நீ கொஞ்சமும் தயங்காமல், "பரா லைற், அதுவும் மனிசர் செய்தது" என்று சேர்த்துக்கொண்டாய். அடுத்து அடிவானத்தில் ஒரு மின்னல் வெட்டியது. அது மின்னல் இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒழுங்கையில் இருந்த சனம் பந்தங்களை அணைக்கத் தொடங்கியது. உன் அப்பா உன்னை இழுத்து மதிலோடு அணைத்துக்கொண்டார். நீ அவருடைய கைக்குள் நின்று எண்ணினாய். "ஒண்டு, ரெண்டு, மூண்டு..." வாய் விட்டு, ஒரே சீராக, வாய்ப்பாடு சொல்வது போல. சத்தம் வந்து விழுந்ததும் இருபத்துநாலில் நிறுத்தினாய். மூன்றால் பிரித்தாய். மாமாவின் சட்டையைப் பிடித்து, "எட்டுக் கிலோமீற்றர் மாமா. உது எங்களுக்கு இல்லை. நீங்கள் பயப்பிடாதேங்கோ" என்றாய்.

இடி முழக்கத்தை வைத்துத் தூரம் பார்க்க நான்தான் உனக்குச் சொல்லித் தந்தேன். வெளிச்சம் முதலில் வரும், சத்தம் பிறகு வரும் என்று புத்தகத்தில் இருந்த பாடம் அது. விழுந்து வெடிக்கிற செல்லுக்கு அந்தக் கணக்கைப் போட நான் சொல்லித் தரவில்லை, நீயே கண்டுபிடித்திருக்கிறாய். இப்போது கேள் ராசா, நான் எந்தப் பிறவி என்று. எனக்கு அந்த இடத்திலும் பெருமைதான் வந்தது. "பாத்தீங்களே அண்ணை!" என்று திரும்பினேன். அண்ணையின் முகத்தில் இரத்தமே இல்லை.

பிறகு சத்தம் அடங்கியது. பந்தங்களைத் திரும்பக் கொளுத்தினார்கள், கோயிலில் சொக்கப்பனை எரிந்தது, ஐயர் திருநீறு தந்தார். திரும்பி வரும்போது சந்தியில் அந்தச் செத்துப்போன லைற் கம்பத்தடியில் மாமா நின்றார். உன்னைச் சிரிக்க வைக்கத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன், அல்லது தன்னைத் தேற்றிக்கொள்ள. "டேய் கெட்டிக்காரா, இதுக்குச் சொல்லு பாப்பம். வீட்டிலை லைற் சுவிச்சை மேலை தட்டினால் எரியுமோ, கீழை தட்டினால் எரியுமோ?" நீ யோசித்தாய். நெற்றியைச் சுருக்கி யோசித்தாய். "மேலை" என்றாய். மாமா கடகடவென்று சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "கீழையடா, கீழை தட்டவேணும்" என்றார். நீ அதற்குப் பிறகு தலையைக் குனிந்து, காலை இழுத்து இழுத்துப் பின்னால் நடந்தாய். நித்திரை தூங்குகிறாய் என்று நினைத்து அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டார்.

அந்தக் கேள்வியால்தான் நீ போனாய் என்று இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறாய். அடுத்த நாள் காலை கிணற்றடியில் நடந்ததை உனக்குச் சொல்கிறேன். நான் வாளியை வைத்துவிட்டு அண்ணையிடம் வெற்றிக்கொடி பிடித்துக்கொண்டு போனேன். "இப்ப என்ன சொல்லுறீங்கள்? என்ரை பிள்ளைக்குப் படிப்பு வருதோ, வரேல்லையோ?" அண்ணை சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "படிப்பு வருது. உன்னை மாதிரி வேறை ஒருத்தராலையும் அவனுக்குப் படிப்பிக்க ஏலாது. நான் அதுக்காகக் கேக்கேல்லை. ஒரு சின்னப் பிள்ளை செல்லை எண்ணிப்போட்டு எனக்கு ஆறுதல் சொல்லுது, பிள்ளை. நேற்று எட்டு எண்டு சொன்னான். நாளைக்கு நாலு எண்டு சொல்லுவான். ஒரு நாளைக்கு எண்ணத் தொடங்க முதலே வந்து விழும். அதுக்கும் 'சரியான விடை' எண்டு கை தட்டுவியே?" என்றார். "வாயைக் கழுவுங்கோ" என்று கத்தினேன். வாளியைக் காலால் தட்டிவிட்டேன். உன் அப்பா அதுவரை வாழைக்குள் நின்றார். வந்து, "மச்சான் சொல்லுறது சரி. என்ரை பிள்ளை உந்தக் கணக்குச் செய்யக் கூடாது" என்றார். அந்த மனிசன் என்னை எதிர்த்துக் கதைத்த நாளை விரல் விட்டு எண்ணலாம். இன்னும் வயது கூடினால் ஊரைவிட்டுப் போக இயக்கத்திடம் உனக்குப் பாஸ் எடுப்பதே கஷ்டம், குடும்பமாகப் போகவும் விடமாட்டார்கள், ஒருவர் போனால் மற்றவர் பிணை நிற்க வேண்டும். எல்லாவற்றையும் அழுது, சண்டை பிடித்து, கடைசியில் நானே உன் சட்டைகளை மடித்தேன்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். "இங்கே இருந்தால் செத்துப்போவாய்" என்று உனக்கு எப்படிச் சொல்வேன்? சொன்னால், "அப்ப நீங்களும் அப்பாவும்?" என்றுதான் கேட்பாய். ஆகவே "படிக்கத்தான் போறாய், மாமா சொல்லுறதைக் கேள்" என்று மட்டும் சொன்னேன். மாமா இரவல் வாங்கிய சைக்கிள் பாரில் ஏறி இருந்து, நீ என்னைப் பார்த்து, "இனிப் பிழைவிட மாட்டன் அம்மா" என்றாய். மாமா வீட்டில் குழப்படி செய்ய மாட்டேன் என்று சொல்கிறாய் என எடுத்துக்கொண்டு, "என்ரை கெட்டிக்காரன்" என்று தலையைத் தடவி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமைதான், பால் பொங்கி வழிந்த பிறகுதான், நீ அன்றைக்கு என்ன சொன்னாய் என்று எனக்கு விளங்கியது. சின்ன நெஞ்சுக்குள் இவ்வளவு பாரத்தை வைத்துக்கொண்டு கிளாலிக் கடலைத் தாண்டியிருக்கிறாயே, என் குஞ்சு! ஒரு பிழை விட்டதால் அம்மா அனுப்பினாள் என்று நினைத்துத்தானா அங்கே எல்லாச் சோதனையிலும் முதலாவதாக வந்தாய்? ஒவ்வொரு தரமும் மாமா கடிதம் எழுதுவார், நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிவேன். நீ திரும்பி வரக் கேட்டு எழுதிய விண்ணப்பம் அது என்று எனக்குத் தெரியாது.

தொண்ணூற்றைந்தில் ஆமி வருகுது என்று ஊரோடு எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தோம். மழை, சேறு, முன்னுக்கும் பின்னுக்கும் சனம். பக்கத்தில் ஒரு தாய், உன் வயதுப் பெடியன் ஒருவனைக் கையில் பிடித்திருந்தாள். உன் அப்பா அவனையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில், "நல்லகாலம், எங்கடை ஆள் இஞ்சை இல்லை" என்றார். நான் அன்றைக்குத்தான் அண்ணையை மனதார மன்னித்தேன். அண்ணை இருந்திருந்தால் இதையெல்லாம் அவரே உனக்குச் சொல்லியிருப்பார், என்னைவிட வடிவாக. அவரும் போய், அப்பாவும் போய், அந்தக் கிணற்றடியில் நின்றவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். அதனால்தான் அவசரப்பட்டு எழுதுகிறேன்.

நன்றாகக் கேள். சுவிச்சுக் கேள்விக்கு நீ சரியாகச் சொல்லியிருந்தாலும் போயிருப்பாய். எல்லாக் கேள்விக்கும் பிழையாகச் சொல்லியிருந்தாலும் போயிருப்பாய். நீ அன்றைக்கு ஒன்றிலும் தோற்கவில்லை. எங்களிடம் இருந்த ஒரே பொருள் நீதான், அதைப் பத்திரமான இடத்தில் வைக்கப் பார்த்தோம். அனுப்பிய நாளில் இருந்து இன்றுவரை இந்த வீட்டில் உன்னைத் தேடாத ஒரு பொழுது இல்லை. இதைக் கடன் தீர்க்கிற மாதிரிச் சொல்லவில்லை, உண்மை அது.

என் பேத்தியை வெளிச்சம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போ. கேள்வியும் கேள், அதில் ஒரு பிழையும் இல்லை. பிள்ளைகளுக்குக் கேள்வி விருப்பம்தான், பயம்தான் விருப்பமில்லை. பல்ப்பை எண்ணச் சொல்லு, பனியில் ஏன் வெளிச்சம் கூடத் தெரிகிறது என்று கேள், உனக்குத் தெரியாததை அவள் கேட்டால் என்னை மாதிரி நடிக்காமல் தெரியாது என்று சொல்லு. ஆனால் அவள் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டாளே, பிழையாகச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று, அதற்கு நீ பகிடியாகப் பதில் சொல்லிவிட்டாய். அது போதாது. காரில் ஏற்றிப் பெல்ற் போட்டதும், முதல் கேள்விக்கு முதல், அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொல்லு: "பிள்ளை, நீ சரியாச் சொன்னாலும் பிழையாச் சொன்னாலும், முடிஞ்சதும் நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டாத்தான் வீட்டை வருவம்." உனக்கு அதைச் சொல்ல எனக்குக் காலம் இடம் தரவில்லை. உனக்குத் தந்திருக்கிறது, சொல்லு.

அம்மா